வெள்ளை பூசிய கரவனுக்குள் ஒளிந்திருக்கும் உக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் வார இணைப்பில், பழைய கரவன் ஒன்றை வாங்கிப் புதுப்பித்த ஓர் இளம் குடும்பத்தின் கதை வந்திருந்தது. படங்கள் வடிவாக இருந்தன. வெள்ளைச் சுவர், சாம்பல்நிறத் திரைச்சீலை, யன்னலோரம் ஒரு பூச்சாடி. அந்தப் பிள்ளைகளின் உற்சாகத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. முன்மூலையில் கொஞ்சம் ஓதம் இருந்ததாம், அதன்மேல் மெல்லிய பலகை ஒன்றை அடித்து வோல்பேப்பர் ஒட்டியதும் சரியாகிவிட்டதாம். அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கடை கரவனை முதல் வைச்சிருந்தவரும் இதைத்தானே செய்து வைச்சிருந்தவர்" என்றார்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் நடிகர்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் ஏசி வண்டி. நான் சொல்வது அதுவல்ல. இங்கே பிரித்தானியாவில் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் இரண்டு சக்கர வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும், எஞ்சின் மட்டும் கிடையாது.

நாங்கள் வாங்கியது 2021 சித்திரையில். 1998இல் செய்த நாலு படுக்கை வண்டி, 1900 பவுண். லிங்கன்ஷயரில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. நல்ல வெயில் நாள். யன்னல் எல்லாம் திறந்திருந்தது, உள்ளே லாவெண்டர் வாசனை. இவ்வளவு வாசனை எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. முன்பக்கம் மட்டும் பூப்போட்ட புது வோல்பேப்பர். இருக்கைப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேனா என்றால் இல்லை. டயரை உதைத்துப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆவணியில் நோர்ஃபோக் கரையில் ஹன்ஸ்ரன்ரன் போனோம். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் இருந்தாலும் மேற்கே பார்த்த ஊர், சூரியன் கடலுக்குள் மறைவதைப் பார்க்கலாம். அதற்காகத்தான் போனோம். மூன்று நாளும் மழை. இரண்டாம் நாள் காலை மெத்தையின் மூலை நனைந்திருந்தது. பேத்தி தண்ணீரைக் கொட்டிவிட்டாள் என்று நினைத்து நான் அதட்ட, அவள் அழுதுகொண்டே சுவரில் விரலை வைத்து, "அம்மப்பா, இங்க பிஸ்கட் மாதிரி இருக்கு" என்றாள். நானும் கட்டை விரலால் அமத்தினேன். பூவோடு சேர்ந்து சுவர் உள்ளே போனது. ஓட்டைக்குள்ளால் பழைய ஈரக் கோணிச்சாக்கு மணம் வந்தது. லாவெண்டரின் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இந்த வண்டிகளின் சுவர் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் அதைத் திருத்தப் போகக்கூடாது. வெளியே ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத அலுமினியத் தகடு. உள்ளே மூன்று மில்லிமீற்றர் பிளைவூட், அதன்மேல் கடதாசி அல்லது வினைல். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் றெஜிபோம், தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்பார்கள். அந்த றெஜிபோமுக்குள் அங்கங்கே ஓரங்குலச் சதுரத்தில் மென்மரச் சட்டங்கள் ஓடும், எங்கள் ஊர்க் கூரையில் பனஞ்சிலாகை ஓடுவதுபோல. ஆனால் பனஞ்சிலாகையின் வைரம் இதற்கு இல்லை. வண்டி பாரம் குறைவாக இருக்கவேண்டும், விலையும் கட்டுப்படியாகவேண்டும் என்பதால் மலிந்த மரம்தான் போட்டார்கள். 2010க்குப் பிறகு பல கம்பனிகள் மரச்சட்டத்தைக் குறைத்து அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய்விட்டன. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பவுணுக்கு நம்மவர் வாங்குவது அதற்கு முந்திய வண்டிகளை.

மரம் என்றாலே கூடாது என்று சொல்லவில்லை. உல்லாசப் பயணத்துக்கென்று செய்த முதல் கரவன் என்று இங்கே சொல்லப்படுவது 1885இல் பிறிஸ்டலில் செய்த 'வாண்டரர்'. மகோகனியும் மேப்பிளும் போட்டுச் செய்தது, இரண்டு குதிரைகள் இழுத்தன. அது இன்றும் இருக்கிறது. எங்களுடையது 23 வருஷத்திலேயே பிஸ்கட் ஆகிவிட்டது.

ஹன்ஸ்ரன்ரனால் திரும்பியதும் இருபது பவுணுக்கு ஈரம் பார்க்கும் மீற்றர் ஒன்று வாங்கினேன். இரண்டு ஊசி இருக்கும், சுவரில் குத்தினால் ஈரம் எத்தனை வீதம் என்று எண் காட்டும். 15 வரைக்கும் பயமில்லை. 15க்கும் 20க்கும் நடுவே என்றால் கண் வைத்திருக்க வேண்டும். 20க்கு மேலே போனால் மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு தயார் என்று அர்த்தம். 30ஐத் தாண்டினால் உள்ளே ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருக்கும். எங்கள் வண்டியின் நடுச்சுவரில் 11, 12. குசினி யன்னலுக்குக் கீழே 18. முன்பக்கம் இடதுமூலையில் 38. பென்சிலால் ஒவ்வொரு எண்ணையும் அந்தந்த இடத்திலேயே சுவரில் எழுதினேன், திகதியோடு. மனைவி ஏசினார். அந்த எண்கள்தான் பிறகு வழி காட்டின.

பட்டறை ஒன்றில் கேட்டேன். 3200 பவுண் என்றார்கள். வண்டியின் விலையே 1900. அவர்களையும் குற்றம் சொல்லமுடியாது, மணிக்கணக்கில் கையால் செய்யும் வேலை. சரி, நாமே பார்ப்போம் என்று துணிந்தேன். தபால் வேலையில் 26 வருஷம் இருந்து ஓய்வுபெற்றவன் நான், தச்சன் இல்லை. ஆனால் வல்வெட்டித்துறைக்காரன். எங்கள் அப்பு, அம்மாவின் தகப்பனார், வள்ளங்களுக்குக் கலப்பத்துப் பார்த்தவர். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சுத் திரியை உளியால் இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார். சின்ன வயதில் அந்தப் புகை கண்ணை எரிக்க எரிக்கப் பக்கத்தில் குந்தியிருந்திருக்கிறேன். வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போதெல்லாம் அந்தப் பொருத்துகளைப் பார்த்து, காய்ந்துபோனதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாய் அடிப்பார். ஒழுகினால்தான் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்ட கைகளால்தான்.

கரவனிலும் விஷயம் அதேதான். தகட்டுக்குள்ளால் தண்ணீர் போகாது. தகடும் தகடும் சேரும் மூலைகளில், கூடாரத் துணி கோக்கிற அலுமினிய றெயில் ஒன்று மேலிருந்து கீழே ஓடும். அந்த றெயிலை ஸ்குறூ அடித்துச் சட்டத்தோடு பூட்டியிருப்பார்கள். அடியில் மாஸ்டிக் என்ற பசை. பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தப் பசை காய்ந்து வெடித்துவிடும். றோட்டில் வண்டி குலுங்கக் குலுங்க ஸ்குறூவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அப்புறம் ஒவ்வொரு ஸ்குறூத் துளையும் மரத்துக்கு நேரே தண்ணீர் கொண்டுபோகும் சின்னப் பீலி. வண்டியைப் பிடித்துத் தள்ளும் கைபிடிகள், பின்விளக்குகள், கூரை யன்னலின் விளிம்பு, இவையும் அப்படியே. நான் றெயிலைக் கழற்றியபோது நாற்பது ஸ்குறூவில் பதினொன்று தலை மட்டும் கையோடு வந்தன. மிச்சம் துருப்பிடித்து உள்ளே.

கழற்றினது கடைசியில். முதலில் செய்தது முட்டாள் வேலை. ஈரம் தெரிந்த இடம் கீழ்மூலை, ஆகவே ஒழுக்கும் அங்கேதான் என்று நினைத்தேன். உள்பலகையைக் கிழித்தேன். அது நனைந்த கடதாசிபோல் உரிந்து வந்தது. சட்டங்களை வெட்டி எடுத்தேன், புதிது வைத்தேன், பலகை ஒட்டினேன், மூன்று சனி ஞாயிறு போனது. நாலாவது கிழமை ஒருநாள் இரவு முழுக்க மழை. காலையில் போய் மீற்றரைக் குத்தினால் 26.

அதற்குப் பிறகுதான் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் உள்ளே டோர்ச் லைட்டோடு படுத்திருக்க, நான் வெளியே ஹோஸ் குழாயைப் பிடித்தேன். கீழேயிருந்து தொடங்கவேண்டும். கீழே பத்து நிமிஷம், ஒன்றுமில்லை என்றால் இரண்டடி மேலே, அங்கே பத்து நிமிஷம். மேலேயிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் வழிந்து, எந்த ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். கீழ்ப்பாதி முழுக்கக் காய்ந்தே கிடந்தது. குழாய் கூரையும் முன்பக்கமும் சேரும் வளைவுக்குப் போனதும் உள்ளேயிருந்து "வருது, வருது!" என்று சத்தம். ஓட்டை இருந்தது ஆறடி உயரத்தில். தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் ஓசையில்லாமல் இறங்கி, கீழ்ச்சட்டத்தில் தேங்கி, மெத்தையை நனைத்திருக்கிறது. மேலே அடைக்காமல் கீழே எத்தனை தேக்குப் பலகை வைத்தாலும் உக்கத்தான் போகிறது.

அந்த வளைவில் யாரோ முன்னொருவர் குளியலறைச் சிலிக்கனை விரலால் தடவிவிட்டிருந்தார். பார்த்தால் ஒழுக்கை அடைத்ததுபோல் இருக்கும். உண்மையில் வேறெங்கோ உள்ளே போன தண்ணீர் வெளியேறும் வழியைத்தான் அடைத்திருந்தது. இன்னொன்று, சிலிக்கன் ஒருமுறை பட்ட இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது. அதைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் போனது, இரும்புத் தகடு பிடித்தால் அலுமினியம் கீறுப்படும். பழைய மாஸ்டிக்கை, பெயின்ற் கரைக்கிற வைற் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம். அதன்பிறகு, இறுகிப்போகாத பியூட்டைல் நாடாவை றெயிலின் அடியில் வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குறூவால் பூட்டினேன். ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் மாஸ்டிக் வைத்துத்தான் ஸ்குறூவை இறக்கினேன். ஒரேயடியாக முறுக்கக்கூடாது. கொஞ்சம் முறுக்கி, ஒரு நாள் விட்டு, பசை பிதுங்கி வெளியே வந்தபின் திரும்ப முறுக்கவேண்டும். பிதுங்கினதை வெட்டி எடுக்கலாம். எங்குமே பிதுங்காத றெயிலை நம்பாதீர்கள்.

அடுத்தது காய்வது. இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். சுவரைத் திறந்தபடியே விட்டு, ஈரம் உறிஞ்சும் மெசினை மூன்று கிழமை இரவு பகலாக ஓடவிட்டேன். முதல் கிழமை தினமும் ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஊற்றினேன், கடைசிக் கிழமை ஒரு கோப்பைகூட வரவில்லை. நல்ல மரமென்று தெரிந்த சட்டங்களிலும் எண் 15க்குக் கீழே வரும்வரை புதுப்பலகைப் பக்கமே போகவில்லை. ஈரத்தோடு மூடினால் உள்ளே உக்கல் தொடரும். வோல்பேப்பர் ஒட்டிய பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்.

உக்கின சட்டத்தை நான் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. நீளப்பாட்டில் பிளந்து, குறுக்காகவும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டிகளாக, ஊறவைத்த றஸ்க்குபோல. விரலால் தேய்த்தால் மண்ணிறத் தூள். ஆனால் அதே சட்டத்தின் மற்ற முனை மஞ்சளாக, ஆணி இறங்காத அளவுக்கு நல்ல மரம். எங்கே நிறுத்துவது? ஸ்குறூ டிறைவரின் முனையால் குத்திக்கொண்டே போகவேண்டும். மெத்தென்று இறங்கினால் உக்கல், டொக்கென்று நின்றால் நல்ல மரம். நின்ற இடத்திலேயே வெட்டாமல் இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டினேன். நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சணம் ஓடியிருக்கும் என்பதற்காக. மீதி மரத்துக்கு மரப்பாதுகாப்பு மருந்து இரண்டு பூச்சு. றெஜிபோம் உக்காது, துடைத்துக் காயவைத்துத் திரும்பப் பாவித்தேன்.

புதுத்துண்டைப் பழையதோடு சேர்ப்பதற்கு அப்புவின் வித்தை கைகொடுத்தது. இரண்டு முனைகளையும் நேரே வெட்டி முட்டவைத்தால் பசை நிற்காது. சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைக்கவேண்டும். ஓரங்குலத் தடிப்புக்கு எட்டங்குலச் சாய்வு, வள்ளக்காரர் கணக்கு. நான் கடைசியாகச் சீவுளி பிடித்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. முதல் மூன்று துண்டு விறகுக்குப் போனது.

தேக்குப் போடச் சொல்லி இரண்டு பேர் அறிவுரை தந்தார்கள், நம்மவர்தான். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, சாதாரணப் பசை அதில் சரியாகப் பிடிக்காது. பாரமும் கூட. இன்னொருவர் வண்டிக்குள் நிலம், அதாவது தரைப்பலகை, மெத்தென்று இருப்பதைப் பார்த்து, மேலே 18 மில்லிமீற்றர் பிளைவூட் அடித்துவிடு என்றார். எங்கள் நடைபாதை அளவுக்கு அது முப்பது கிலோவுக்கு மேல் வரும். வண்டியின் உச்ச நிறை கதவோரம் தகட்டில் பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் பொலிஸ் பிடிப்பது ஒருபுறம், மோட்டர்வேயில் வண்டி வாலாட்டத் தொடங்கினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். நிலத்தில் மரம் உக்கவில்லை, பிளைவூட்டும் றெஜிபோமும் பிரிந்துவிட்டன, அவ்வளவுதான். நடந்தால் பொரி மிதிப்பதுபோல் சத்தம் கேட்கும். சின்னத் துளைகள் போட்டு, இரண்டு பாகமாகக் கலக்கிற பிசினை ஊசிக்குழலால் இறக்கி, மரக்குச்சி அடித்து, மேலே பத்துச் சீமெந்துக் கல்லை ஏற்றி இரண்டு நாள் விட்டேன். சத்தம் நின்றது. உக்கின நிலத்துக்கு இந்த வைத்தியம் சரிவராது, அதை வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் எழுதவேண்டும், இது உயிர்ப் பிரச்சினை. நிலத்தில் அடுப்புக்குப் பக்கத்திலும் காஸ் சிலிண்டர் பெட்டியிலும் வட்டத் துளைகள் இருக்கும். குளிர்காற்று வருகிறதென்று முன்னவர் அவற்றில் பஞ்சு அடைத்து வைத்திருந்தார். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளையால் வெளியே போவதற்குத்தான் அவை. சுவரில் இருக்கும் காற்றுத்துளைகளை மூடினால் காபன் மொனொக்சைட் உள்ளே சேரும், அதற்கு மணமும் இல்லை. ஓதத்துக்குப் பயந்து எதையும் அடைக்காதீர்கள். அடைத்தால் ஓதம் கூடத்தான் செய்யும். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். வெள்ளைக்காரர் அதில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார், நாம் சோறு வடித்து, சொதி வைத்து, மீனும் பொரிப்போம். ஆகவே யன்னலில் காலையில் துளித்துளியாக நிற்பதெல்லாம் ஒழுக்கு இல்லை. மழையில்லாத கிழமையிலும் ஈரமென்றால் சமையல் ஆவி. மழைக்குப் பிறகு எண் ஏறினால் ஒழுக்கு. பென்சில் எண்களுக்கு இதிலும் உபயோகம் இருக்கிறது.

மொத்தம் எனக்குச் செலவு 410 பவுண், ஒரு குளிர்காலம் முழுக்க வாரவிடுமுறை, ஒரு பெருவிரல் நகம். இப்போது மாரிகாலத்தில் வண்டியை முன்பக்கம் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துகிறேன், கூரைத்தண்ணீர் தேங்காமல் பின்னால் ஓடும். நீலப் பொலித்தீனால் மூடுவதில்லை, அது உள்ளே வேர்க்கவைக்கும், காற்றில் உரசிப் பெயின்றையும் கிழிக்கும்.

வாங்கப் போகிறவர்கள் மழைக்கு அடுத்த நாள் போங்கள். யன்னல் கதவை மூடிவிட்டு உள்ளே ஐந்து நிமிஷம் இருந்து மூக்கால் பாருங்கள். இருக்கைப் பெட்டி, அலுமாரிகளுக்குள் கையை விட்டு நாலு மூலையையும் அமத்துங்கள். அங்கேயெல்லாம் யாரும் பெயின்ற் அடிப்பதில்லை. மீற்றர் குத்த விடாத வியாபாரியிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஓதம் இருக்கிறது என்று சொல்லியே விற்கிறவரிடம் விலை பேசலாம், அவரில் எனக்குக் கோபமில்லை.

எங்கள் இடதுமூலை போன ஐப்பசியில் 14 காட்டியது. இந்த மாசியில் 17. குளிரால் ஏறியதா, திரும்பவும் றெயிலா என்று தெரியவில்லை. சித்திரை வெயிலில் கழற்றிப் பார்க்கத்தான் போகிறேன்.

அந்த இளம் குடும்பத்தின் விலாசம் எனக்கு வேண்டாம். என் தொலைபேசி இலக்கத்தை இந்தக் கடிதத்தோடு தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், அவர்களிடம் கொடுங்கள். மீற்றரை இரவல் தருகிறேன், கூப்பிட்டால் நானே கொண்டுவருகிறேன். அவர்களின் வோல்பேப்பரில் இரண்டு ஊசித்துளைதான் விழும்.

இப்படிக்கு,
மில்டன் கீன்ஸிலிருந்து,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்